தனியார் வேலையில் மகப்பேறு, நோய், வீட்டு விசேஷ விடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கடை, கம்பெனி, மில், ஓட்டல் என்று தனியாரிடம் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது இது. அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. லீவு கேட்பது முதலாளியிடம் சலுகை கேட்பது மாதிரி என்ற நினைப்பு நம் ஊரில் ரொம்ப ஆழமாகப் பதிந்திருக்கிறது. கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை சலுகை இல்லை, சட்டம் கொடுத்தவை. எங்கெங்கே சட்டம் கைவிடுகிறதோ அதையும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020-க்குள் இருக்கின்றன. "அந்தச் சட்டமே போயிடுச்சு, இனி ஆறு மாச லீவெல்லாம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரக் கணக்கு அப்படியே இருக்கிறது.

கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தோடு எத்தனை நாள் லீவு உண்டு?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உங்களுக்குப் பொருந்தும். வருடத்துக்கு மூன்று வகையாக, ஒவ்வொன்றிலும் 12 நாள். உடம்பு சரியில்லாவிட்டால் அல்லது விபத்தில் அடிபட்டால் 12 நாள். நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு, அதாவது சி.எல்., 12 நாள். இந்த இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே உண்டு. தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்த பிறகு, அடுத்த 12 மாதத்தில் 12 நாள் ஆண்டு விடுப்பு. இந்த ஆண்டு விடுப்பை மட்டும் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அது பாக்கி இருக்கும்போது முதலாளி உங்களை வேலையை விட்டு அனுப்பினால், அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். கேட்டும் தராததால் நீங்களே வேலையை விட்டாலும் அப்படித்தான்.

இந்தச் சட்டம் சாதாரணத் துணிக்கடைக்கும் உண்டு, அலுவலகத்துக்கும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உள்ளிட்ட சிலர் இதன் வரம்புக்கு வெளியே.

தொழிற்சாலையில் கணக்கு வேறா?

ஆமாம். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் வருடத்துக்கு 240 நாள் வேலை பார்த்தால்தான் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு. புதிய தொகுப்பில் 180 நாள் போதும். வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். மகப்பேறு விடுப்பில் இருந்த நாட்கள், 26 வாரம் வரை, அந்த 180-க்குள் கணக்காகும். அடுத்த வருடத்துக்கு 30 நாள் வரை எடுத்துச் செல்லலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் மில்களிலும் சீசன் முடிந்ததும் பிரேக் விடுவார்கள். 240-ஐத் தொட முடியாமல் போனவர்களுக்கு இந்த மாற்றம் உண்மையிலேயே பெரிது.

தீபாவளி, பொங்கலுக்கு லீவு கட்டாயமா?

தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958 வருடத்துக்கு 9 நாள் சொல்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் நிலையானவை. மீதி ஐந்து பண்டிகை நாட்கள். அன்றைக்கு வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுப்பு. தேர்தல் நாளில் ஓட்டு உள்ளவர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தனி.

அப்பா இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் வரை லீவு கேட்டால் தரணுமா?

இங்கேதான் சட்டம் கைவிடுகிறது. துக்க விடுப்பு என்று தனியார் வேலைக்கு ஒரு சட்டமும் இல்லை. சொந்தக் கல்யாணத்துக்கும் இல்லை, அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளவும் இல்லை. பல பெரிய கம்பெனிகள் தாங்களாகவே மூன்று நாளோ ஐந்து நாளோ வைத்திருக்கின்றன. ஆஃபர் லெட்டரோடு தரும் விதிப் புத்தகத்தில் அது இருந்தால், அதைக் காட்டிக் கேட்கலாம். இல்லையென்றால் சி.எல்.லும் ஆண்டு விடுப்பும்தான் வழி.

சாவு வீட்டுக்குப் போவது "நியாயமான காரணம்" இல்லை என்று எந்த அதிகாரி முன்னாலும் யாராலும் வாதிட முடியாது. அதனால் சி.எல். இருக்கும்போது, "யாரைக் கேட்டு போனே, லாஸ் ஆஃப் பே" என்று சம்பளம் பிடித்திருந்தால் விடாதீர்கள். கிளம்பும்போது ஒரு வரி மெசேஜ் மட்டும் அனுப்பிவிடுங்கள். துக்கத்தில் யாரும் கடிதம் எழுதிக்கொண்டு இருக்க முடியாது. "அப்பா தவறிவிட்டார், இன்று முதல் விடுப்பு" என்பது போதும், அதுவே பின்னால் ஆதாரம்.

கர்ப்பமாக இருக்கிறேன். எனக்கு மகப்பேறு விடுப்பு உண்டா?

இரண்டே நிபந்தனை. நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்க வேண்டும். டாக்டர் சொல்லும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் நீங்கள் அங்கே 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நிரந்தரமா, தற்காலிகமா, தினக்கூலியா என்பது கேள்வியே இல்லை. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்பள உச்சவரம்பும் கிடையாது.

எத்தனை வாரம்? எப்போதிலிருந்து எடுக்கலாம்?

26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். 2017 திருத்தம் வருவதற்கு முன் மொத்தமே 12 வாரம்தான் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரசவ தேதி நவம்பர் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 வாரம் பின்னால் போனால் செப்டம்பர் 25. அன்றைக்கே விடுப்பு தொடங்கினால் மார்ச் 25 வரை, பிள்ளைக்கு நான்கு மாதம் முடிந்ததும் வேலைக்கு வர வேண்டியிருக்கும். பிரசவ நாள் வரை வேலைக்குப் போனால் மே 20 வரை, முழு ஆறு மாதம் பிள்ளையோடு இருக்கலாம். நடுவில் எங்கே தொடங்குவது என்பது உங்கள் முடிவு. எட்டு வாரத்தையும் முன்னாடியே எடுத்தாக வேண்டும் என்று எச்.ஆர். வற்புறுத்த முடியாது.

நம் ஊரில் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஏழாம் மாதமே வளைகாப்பு வைத்துவிட்டால் அந்த எட்டு வார எல்லைக்கு முன்பாகவே கிளம்ப வேண்டி வரும். அந்த இடைவெளிக்கு ஆண்டு விடுப்பைச் சேர்த்துக் கேட்கலாம். ஒன்பதாம் மாதம் என்றால் பிரச்சினையே இல்லை. விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது லீவுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரசவமான பிறகு முதல் 6 வாரம் உங்களை வேலைக்கு வைக்கவே கூடாது. நீங்களே சம்மதித்தாலும் கூடாது.

பணம் எப்படி வரும்? ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் பிடிக்கிறார்களே?

விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் நீங்கள் வாங்கிய சம்பளத்தின் நாள் சராசரிதான் அளவு. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பச் சான்றைக் கொடுத்ததும் முன்பணமாகவே தர வேண்டும். பாக்கியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். நிறைய கம்பெனிகள் மாதாமாதம் சம்பளமாகப் போடுகின்றன. உங்களுக்கு அது வசதி என்றால் சரி. "வேலைக்குத் திரும்பி வந்து மூணு மாசம் இருந்தால்தான் தருவோம்" என்பது மட்டும் சட்டத்துக்கு நேர் எதிர்.

ஞாயிறு விஷயத்துக்கு நம் மாநிலத்தில் கிளம்பிய வழக்கே பதில். தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருவருக்கு, அன்றிருந்த 12 வார விடுப்புக்கு 72 நாள் கூலி மட்டும் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஆறு நாள்தானே வேலை, ஞாயிறு கூலியில்லாத நாள்தானே என்பது நிர்வாகத்தின் கணக்கு. அவர் 84 நாளுக்கும் கேட்டார். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977-இல் தீர்ப்பு வந்தது: வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறுக்கும் சேர்த்தே கொடு. இன்றைக்கு 26 வாரத்துக்கு 182 நாள் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்தத் தோட்டத் தொழிலாளிக்குக் கடமைப்பட்டவர். 156 நாளுக்குக் கணக்குப் போட்டிருந்தால் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பெனி இலவசமாகப் பிரசவம் பார்க்காவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ ஊக்கத்தொகையும் தனியாக உண்டு. இதை யாரும் தானாகத் தருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அப்போது யார் தருவார்கள்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக நீங்கள் ஈ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். அப்படியென்றால் மகப்பேறுப் பணம் கம்பெனியிடம் இருந்து வராது, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் உங்கள் வங்கிக் கணக்கில் போடும். 26 வாரம், முழுச் சராசரிச் சம்பளம். இங்கே 80 நாள் கணக்கு கிடையாது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச்.

கம்பெனி பிடித்த பணத்தை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்பதைக் கர்ப்பம் உறுதியான மாதமே ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சம்பள ரசீதில் பிடித்தம் இருக்கும், அங்கே நாள் குறைந்திருக்கும். அதை எட்டாம் மாதத்தில் கண்டுபிடித்தால் அலைச்சல்தான்.

ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு லீவுப் பணம் உண்டா?

உண்டு. 78 நாள் பங்களிப்பு இருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும். காசநோய், புற்றுநோய் மாதிரி பட்டியலில் உள்ள நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் என்ற வீதத்தில் நீட்டிப்பார்கள். கருத்தடை அறுவைக்கு ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள் முழுச் சம்பளம்.

மூன்றாவது குழந்தைக்கு லீவே இல்லை என்கிறார்கள்.

தவறு. உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் விடுப்பு 12 வாரமாகக் குறையும், அதில் பிரசவத்துக்கு முன் 6 வாரம் வரை. குறையுமே தவிர இல்லாமல் போகாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் முன்னாள் கணவரிடம் இருக்க, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றும் சொன்னது. அரசு ஊழியர் வழக்கு என்றாலும், தனியாரில் மறுக்கப்படும் பெண்கள் எடுத்துக் காட்ட வேண்டிய தீர்ப்பு இது.

கரு கலைந்துவிட்டது. அதற்கு ஏதாவது உண்டா?

உண்டு, 6 வாரம் சம்பளத்துடன். மருத்துவச் சான்று போதும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஆபீஸில் சொல்லக் கூசி, ஜுரம் என்று இரண்டு நாள் போட்டுவிட்டு ரத்தப்போக்கோடு வேலைக்கு வந்து உட்காருகிறார்கள். மனது கனத்துப் போகிறது அதைக் கேட்கும்போது. எச்.ஆர். ஒருவரிடம் மட்டும் சான்றைக் கொடுங்கள். மேலதிகாரிக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

26 வாரம் தாண்டிய பிறகு குழந்தை இறந்தே பிறந்தால் அது கருக்கலைவு இல்லை, சட்டப்படி பிரசவம். முழு மகப்பேறு விடுப்பும் உண்டு. "குழந்தைதான் இல்லையே, எப்போ வேலைக்கு வர்றீங்க?" என்று அந்தத் தாயிடம் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை அவர்களுக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணைப் பேச வைக்காதீர்கள்.

கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ குறைப்பிரசவத்தாலோ கருச்சிதைவாலோ உடல்நிலை மோசமானால் இன்னும் ஒரு மாதம் சம்பளத்துடன் உண்டு.

கர்ப்பம் என்று தெரிந்ததும் "ரிசைன் பண்ணிடு, அப்புறம் வரலாம்" என்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், உங்களுக்குப் பாதகமாக வேலை நிபந்தனையை மாற்றுவதும் சட்டவிரோதம். கர்ப்பக் காலத்தில் நீக்கினாலும் மகப்பேறுப் பணம் பெறும் உரிமை போகாது. ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்த ராஜினாமாக் கடிதம் இருந்தால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். வாயால் சொன்னதை அன்றே மெயிலில் அவர்களுக்கே எழுதிவிடுங்கள்: "இன்று என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விருப்பமில்லை. மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பிக்கிறேன்."

என் காண்ட்ராக்ட் லீவுக்கு நடுவில் முடிகிறதே?

80 நாள் நிபந்தனை பூர்த்தியானால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் மீதி வாரங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெல்லியில் ஒப்பந்த டாக்டர் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

நாள் முழுக்க நின்றே வேலை. கர்ப்பமாக இருக்கும்போது என்ன செய்வது?

பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரத்தில், நீண்ட நேரம் நிற்கும் வேலையோ கடினமான வேலையோ தரக் கூடாது என்று நீங்கள் கேட்டால் முதலாளி கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். கர்ப்பிணி என்று தனியாகக் கேட்க வேண்டியதே இல்லை, இருக்கை அங்கே இருந்தாக வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு?

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை. 50 பேர் வேலை பார்க்கும் இடம் என்றால் குழந்தைகள் காப்பக வசதி, தினம் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதி. வீட்டில் இருந்து செய்யக்கூடிய வேலையாக இருந்தால், விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்கக் கேட்கலாம். இது இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான்.

கணவருக்கு லீவு உண்டா?

தனியாரில் சட்டப்படி ஒரு நாள் கூட இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கிறது. சில ஐ.டி. கம்பெனிகள் தாங்களாகத் தருகின்றன. சிசேரியன் ஆன பெண் தனியாக எழுந்து நடக்கக்கூட முடியாத வாரத்தில், பிள்ளையின் அப்பா மெஷின் முன்னால் நின்றாக வேண்டும் என்பது இந்தச் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை. இப்போதைக்குச் சி.எல்.லை அதற்கென்று மிச்சம் பிடித்து வையுங்கள்.

தத்தெடுத்தால்?

குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம். வாடகைத்தாய் மூலம் பெறும் தாய்க்கும் அதே 12. ஆனால் தத்துக்கு, குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று 2017 திருத்தம் எழுதி வைத்தது. முறைப்படி தத்தெடுக்க ஆகும் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு அநியாயம் என்று தெரியும். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2026 மார்ச்சில் அந்த மூன்று மாத வரம்பு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வீட்டு வேலை செய்கிறேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

விடுப்பாக எதுவும் இல்லை, ஏனென்றால் 10 பேர் வேலை பார்க்கும் இடம் இல்லை அது. அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு: 14,000 பணமாக, 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவம் வரை.

மாதவிடாய் விடுப்பு?

தமிழ்நாட்டில் தனியார் வேலைக்கு இதுவரை சட்டம் இல்லை. பீகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 1992 முதல் மாதம் இரண்டு நாள் இருக்கிறது.

கேட்டும் தரவில்லை. எங்கே போவது?

முதலில் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணம் யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற இரண்டும் கடிதத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டியே கொடுக்க முடியாமல் போனால், பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தாலும் செல்லும். கடிதத்தை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால், உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. ஈ.எஸ்.ஐ. என்றால் கிளை அலுவலகம். வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம்.

போகும்போது ஆஃபர் லெட்டர் அல்லது அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது, பிரசவ தேதி போட்ட டாக்டர் சான்று, விடுப்புக் கடிதத்தின் நகல், வந்த மெயில், வாட்ஸ்அப் செய்திகளின் பிரிண்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். சம்பள ரசீதே தராத இடமாக இருந்தால், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகத்தின் பக்கங்கள் போதும். மனு கொடுத்ததும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.